ஞாயிறு நடைக்கு வந்த விருந்தாளி

பிப்ரவரி 11

அக்காவுக்கு,

இதைப் பேஷண்ட் யாரும் இல்லாத நேரமாப் பார்த்துப் படி. நீ கத்துற சத்தத்துல நாற்காலியில வாயைத் திறந்துட்டு இருக்கிறவங்க எழுந்து ஓடிடப் போறாங்க.

நான் ஒரு சங்கத்துல சேர்ந்துட்டேன். நாம படிச்ச பல்கலைக்கழகத்தோட பழைய மாணவர் சங்கம். இவ்வளவு தூரம் தள்ளி வந்தும் இங்கே ஒரு கிளை இருக்கு.

நானாத் தேடிப் போகலை, நம்பு. எங்க கிளினிக்ல காது பரிசோதிக்கிற அறை உனக்குத்தான் தெரியுமே, சத்தம் புகாத கண்ணாடிக் கூண்டு. பெரியவர் ஒருத்தரை உள்ளே உட்கார வெச்சு, காதுல ஹெட்போனை மாட்டி, "சத்தம் கேட்டா மட்டும் பட்டனை அமுக்குங்க"ன்னு சொன்னேன். மனுஷன் கேட்காத சத்தத்துக்கெல்லாம் அமுக்குறார். பாஸாகணும்னு ஆசை. எனக்குச் சிரிப்பு வந்து, வாய் தவறி, "சார், பொம்மை போடாதீங்க"ன்னு சொல்லிட்டேன். வராதவனுக்காக இன்னொருத்தன் வருகை கொடுக்கிறதை நம்ம ஹாஸ்டலைத் தவிர உலகத்துல வேற எவன் அப்படிச் சொல்றான்? அவர் ஹெட்போனைக் கழட்டிட்டு, "நீ எந்த ஹாஸ்டல்?"னார். அவ்வளவுதான், மாட்டிக்கிட்டேன்.

நிலவியல் படிச்சவர். எல்லாரும் 'பாறை சார்'னுதான் கூப்பிடுறாங்க. இந்த ஊர்க் கிளைக்குத் தலைவர். அவர் மனைவியும் நம்ம ஆளு, கணக்கு டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவங்க. செயலாளர் ஒரு கால்நடை டாக்டர். முகத்துக்கு நேராவே 'மாட்டு டாக்டர்'னு கூப்பிட்டா திரும்பிப் பார்க்கிறாங்க. ஞாயித்துக்கிழமை காலையில ஏரியைச் சுத்தி நடை. மாசத்துல ஒரு சனிக்கிழமை ரொட்டிக்கடை மாடி ஹால்ல பாட்டு. நடுவுல வினாடி வினா, யாராவது ஆஸ்பத்திரியில இருந்தா கூட்டமாப் போய்ப் பார்க்கிறது. பாதிப் பேருக்கு முட்டி வலி, மீதிப் பேருக்கு மறதி. ஆனா கேன்டீன் டீ எவ்வளவு மோசம்னு மட்டும் எல்லாருக்கும் துல்லியமா ஞாபகம் இருக்கு.

அம்மா கூப்பிடுற பேரை மட்டும்தான் கொடுத்திருக்கேன். எந்த வருஷம்னு சொல்லலை. கல்யாணம் ஆச்சான்னு கேட்டாங்க, இல்லைன்னுட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை நடந்து முடிச்சு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டும்போதுதான் உறைச்சது. வழியில ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கலை நான். இங்கே வந்த நாளா இதுதான் முதல் தடவை.

திட்டாதே.

உன் தங்கை


பிப்ரவரி 22

சின்னவளே,

கத்தினேன். நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

உனக்கு மூளை வேலை செய்கிறதா? போன் வேண்டாம் என்று எதற்கு முடிவு செய்தோம்? உன் பழைய போனில் உன் கணவன் என்னத்தையோ ஏற்றிவைத்து நீ பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தானே, அதற்காகத்தானே? உன் கடிதம் பல் செட் செய்யும் லேபுக்குப் போய், அங்கிருந்து பிளாஸ்டர் தாடைகளோடு அட்டைப்பெட்டியில் ஒளிந்து என்னிடம் வருகிறது. இவ்வளவு பாடுபட்டு உன்னை மறைத்து வைத்தால், நீ போய்ப் பழைய மாணவர் சங்கத்தில் சேருகிறாய். அவனும் அதே பல்கலைக்கழகம் என்பது மறந்துபோயிற்றா? இங்கே தலைமைச் சங்கத்தில் கலை நிகழ்ச்சிகளுக்கு அவன்தான் பொறுப்பு. எல்லாக் கிளைகளின் செய்தியும் அவன் மேஜைக்கு வரும்.

இதைச் சொல்லக் கூடாது என்றிருந்தேன். சொல்கிறேன், கேள்.

போன வியாழக்கிழமை அவன் இங்கே வந்தான். முறைப்படி நேரம் வாங்கிக்கொண்டு, பல் சுத்தம் செய்ய. வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் அவள் அம்மாவின் உடம்பை விசாரித்திருக்கிறான். "எவ்வளவு நல்ல மனுஷன் டாக்டர்!" என்கிறாள் அவள். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தான். நான் வேலையைச் செய்தேன். வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, உதட்டைத் துண்டால் ஒற்றிக்கொண்டே கேட்டான்.

"அவ இன்னும் கொண்டையில பேனாவைத்தான் செருகுறாளா?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"தெரிஞ்சா சொல்லுங்க. குளிர் காத்து பட்டா அவளுக்குத் தாடை வலிக்குமே. யார் பார்த்துக்கறாங்களோ!"

அந்தத் தாடையைக் கட்டியது நான். உடைத்தது அவன். இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயத்தை எவ்வளவு அக்கறையாகக் கேட்கிறான் பார்.

சங்கத்தை விட்டு விலகு. ஊர் மாறிப் போகிறேன் என்று ஏதாவது சொல்லிவிடு.

அக்கா


மார்ச் 14

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படிச்சிட்டு ரெண்டு நாள் கொண்டையே போடலை. பேனாவையெல்லாம் எடுத்து டிராயர்ல போட்டுப் பூட்டினேன். எனக்கே பைத்தியக்காரத்தனமாப் பட்டுச்சு. அவர் எங்கேயோ ஒரு நாற்காலியில சாய்ஞ்சு ஒரு வார்த்தை கேட்டா, இங்கே நான் தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கிட்டு நிக்கிறேன். மூணாம் நாள் மறுபடி பேனாவை எடுத்துச் செருகிக்கிட்டேன்.

விலகணும்னுதான் போனேன். ஹால் படிக்கட்டுலயே மாட்டு டாக்டர் கையில ஒரு துடைப்பத்தைக் கொடுத்து, "இந்த வாரம் ஏரிக்கரையைச் சுத்தம் பண்றோம், டிமிக்கி கொடுக்காதே"ன்னாங்க. போனேன். முழங்கால் வரைக்கும் சேறு. கணக்கு டீச்சர் ஒரு பழைய டயரை இழுக்கப் போய் அதோடவே உட்கார்ந்துட்டாங்க. பாறை சார் தூக்கிவிடாம, "அந்தச் சேறு எத்தனை ஆயிரம் வருஷம் பழசு தெரியுமா?"ன்னு பாடம் எடுக்கிறார். நான் சிரிச்ச சிரிப்புல தாடை வலிச்சது. அந்த வலி நல்லா இருந்துச்சு அக்கா.

சங்கத்துல மருந்துக்கடைக்காரர் ஒருத்தர் இருக்கார். எந்நேரமும் கழுத்துல கேமரா. என் முகம் படத்துல நல்லா வராது, எடுக்காதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டேன். "ஏரியைத்தாம்மா எடுக்கறேன்"னார். எடுத்த படத்தையெல்லாம் முகம் தெரியுதான்னு ஒண்ணொண்ணாக் காட்டவும் செஞ்சார். எதுலயும் என் முகம் இல்லை. பயப்படாதே.

இன்னொண்ணு. எழுதாம விட்டா உறுத்தும். நேத்து கிளினிக்குக்கு ஒரு போன். எடுத்து, பேர் சொல்லுங்க, எழுதிக்கறேன்னேன். அந்தப் பக்கம் பதில் இல்லை. மூச்சு மட்டும். அப்புறம் வெச்சுட்டாங்க. காது கேட்காதவங்க கூப்பிடுற இடம், இப்படி நடக்கிறது சகஜம்தான். ஆனா அன்னிக்கு முழுக்க எனக்குப் பின்னாடி யாரோ நிக்கிற மாதிரியே இருந்துச்சு.

உன் தங்கை


மார்ச் 29

சின்னவளே,

தலைமைச் சங்கத்தின் மாதச் செய்தி வந்தது. நானும் பழைய மாணவிதானே, எனக்கும் அனுப்புகிறார்கள். 'ஏரிக்கரையில் நம் நண்பர்கள்' என்று உங்கள் கிளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு படத்தில் கூட்டத்துக்குப் பின்னால் ஒருத்தி குனிந்து குப்பை பொறுக்குகிறாள். முகம் தெரியவில்லை. முதுகு தெரிகிறது. கொண்டை தெரிகிறது. கொண்டையில் குறுக்கே ஒரு பேனா.

படத்தைப் பார்த்த அடுத்த நொடி நீதான் என்று எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்தால் அவனுக்கும் தெரியும்.

அவன் அலுவலகத்தில் வேலை செய்யும் பெண் ஒருத்தி என் பேஷண்ட். கடைவாய்ப் பல்லைப் பார்க்கிற சாக்கில் பேச்சுக்கொடுத்தேன். அவன் லீவு போட்டிருக்கிறானாம். "பழைய நண்பர்களைப் பார்க்கப் போறேன்னு சந்தோஷமாக் கிளம்பினார்" என்றாள்.

இது கிடைத்தவுடன் அந்த வீட்டை விட்டு வெளியேறு. பெட்டி கட்டிக்கொண்டு நிற்காதே. ஹாலுக்குப் போகாதே, ஏரிப்பக்கம் தலைவைக்காதே. எங்கே போகிறாய் என்று எனக்குக்கூட எழுதாதே.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

உன் கடிதம் இன்னிக்குத்தான் வந்துச்சு. அவர் அதுக்கு முன்னாடியே வந்துட்டார்.

மாட்டு டாக்டர் வீட்டுல உட்கார்ந்து எழுதுறேன். நான் முழுசா இருக்கேன், அடி எதுவும் இல்லை. அதை முதல்ல சொல்லிடணும்.

போன சனிக்கிழமை பாட்டு. கொஞ்சம் தாமதமாத்தான் போனேன். ரொட்டிக்கடை மாடிப்படியில பாதி ஏறியிருப்பேன், மேலே இருந்து குரல் கேட்டுச்சு. நாள் முழுக்கச் சத்தத்தைப் பிரிச்சுப் பார்க்கிறதுதான் என் வேலை. அந்தக் குரலைக் கூட்டத்துல, மழையில, தூக்கத்துலகூட அடையாளம் கண்டுபிடிப்பேன். இறங்கி ஓடலாம்னு திரும்பினா, பின்னாடி மாட்டு டாக்டர். "ஏறும்மா, கையில கொதிக்கிற கெட்டில் இருக்கு"ன்னாங்க. படி ஒரு ஆள் போற அகலம்தான். ஏறினேன்.

நடு நாற்காலியில உட்கார்ந்து பாடிக்கிட்டிருந்தார். என்னைப் பார்த்தார். பாட்டை நிறுத்தலை. கடைசி வரியை ரெண்டு தடவை இழுத்துப் பாடி முடிச்சார். எல்லாரும் கை தட்டினாங்க. அப்புறம் எழுந்து வந்து என் தோள்ல கையை வெச்சு, "எப்படி இளைச்சுட்டே!"ன்னார். கண்ணுல தண்ணி அக்கா. நிஜமான தண்ணி.

நான் போறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் சொல்லி முடிச்சிருக்கார். நான் அவர் மனைவியாம். மனசு சரியில்லாதவளாம். யாரைப் பார்த்தாலும் அடிக்க வராங்கன்னு நினைப்பேனாம். குளியலறையில வழுக்கி விழுந்து தாடையை உடைச்சுக்கிட்டு, அவர் உடைச்சதா நம்பிக்கிட்டிருக்கேனாம். மாத்திரையை நிறுத்திட்டுக் காணாமப் போயிட்டேனாம். மருந்துக்கடைக்காரர் என்ன மாத்திரைன்னு கேட்டிருக்கார். பேரு, அளவு, எப்போ சாப்பிடணும், எல்லாம் தடங்கல் இல்லாமச் சொல்லியிருக்கார்.

பாறை சார் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "உடம்புக்கு முடியாம இருக்கிறது குத்தமில்லைம்மா"ன்னார். அந்த நல்ல மனுஷனோட முகத்துல இருந்த இரக்கத்தைப் பார்த்ததும் நான் செத்தே போயிட்டேன். ஒருத்தர் என்னை அடிக்கிறதுக்கும் இத்தனை பேர் என்னைப் பரிதாபமாப் பார்க்கிறதுக்கும் நடுவுல எனக்கு வாயே திறக்கலை. 'பொய்'ன்னு ஒரே ஒரு வார்த்தை. அது வரலை.

வெளியூர் விருந்தாளின்னு அவரைப் பாறை சார் வீட்டுலயே தங்க வெச்சிருக்காங்க. "அவசரமில்லை. நாளைக்கு நடையில நானும் கலந்துக்கறேன். எல்லாரும் இருக்கும்போது மரியாதையா வழியனுப்பி வைங்க. அப்படியே கூட்டிட்டுப் போயிடறேன்"ன்னார். எல்லாரும் தலையாட்டினாங்க. ஆனா மறுநாள் மழை பிடிச்சுக்கிச்சு. நடையை அடுத்த ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளி வெச்சுட்டாங்க. அவர் சிரிச்சுக்கிட்டே, "இருந்துட்டுப் போறேன்"னாராம். இருக்கார்.

சனிக்கிழமை பாட்டு முடிஞ்சு, என்னை வீட்டுல விடுறேன்னு அவர் எழுந்தப்ப மாட்டு டாக்டர் குறுக்கே வந்து, "என் வண்டியில வரட்டும்"ன்னாங்க. "நானும் கூட வரேன்"னார். "வண்டியில நாய் இருக்கு. புது ஆளைக் கண்டா கடிக்கும்"ன்னாங்க. வண்டியில நாயே இல்லை.

ரொம்ப தூரம் வந்தப்புறம், ரோட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க. "மாடு பயந்தா உதைக்கும். ரொம்ப நாளாப் பயந்த மாடு உதைக்காது, அசையாம நிக்கும். அவர் கையை வெச்சப்ப நீ அப்படித்தான் நின்னே." அப்புறம், "சொல்லணும்னா சொல்லு, இல்லேன்னா வேண்டாம்"ன்னாங்க. வண்டியை ஓரமா நிறுத்தச் சொல்லி, எல்லாத்தையும் சொன்னேன்.

இப்போ ஓடலாம். ஓடினா அவர் சொன்னதெல்லாம் உண்மைன்னு ஆயிடும். அடுத்த ஊர்லயும் ஒரு கிளை இருக்கும். ஓடாம இருக்கிறது எப்படின்னும் எனக்குத் தெரியலை.

உன் தங்கை


ஏப்ரல் 4

சின்னவளே,

கூரியரில் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் கிடைக்க வேண்டும் என்று கடவுளை வேண்டிக்கொள்கிறேன்.

நடைக்குப் போகாதே. நாலு பேர் இருக்கும் இடத்தில் பத்திரம் என்று நினைக்கிறாயா? அவனுக்கு நாலு பேர்தான் பலம். உன் கல்யாணத்திலும் நானூறு பேர் இருந்தார்கள்.

அந்த டாக்டர் வீட்டுக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உள்ளேயே இரு. நான் வருகிறேன், டிக்கெட் தேடுகிறேன். நான் அங்கே வந்தால் உன் வீடு எதென்று அவனுக்குக் காட்டிக்கொடுப்பதாகிவிடும் என்று இத்தனை நாள் வராமல் இருந்தேன். இனி அதனால் என்ன!

போகாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 10

அக்கா,

நீ வரவேண்டாம்னு தந்தி மாதிரி ரெண்டு வரி அனுப்பினேனே, கிடைச்சிருக்கும். இது முழுக் கதை. உன் கூரியர் திங்கட்கிழமை வந்துச்சு. நல்லவேளை. முன்னாடியே வந்திருந்தா உன் பேச்சைக் கேட்டிருப்பேன்.

போனேன். மாட்டு டாக்டர் கூட வந்தாங்க. வாசல்ல இறங்கும்போது வாந்தி எடுத்தேன். வாயைக் கழுவிக்கிட்டுப் போனேன்.

அவன் முன்வரிசையில நடந்தான். வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. பாறை சாரோட பேசிச் சிரிச்சுக்கிட்டே போனவன், வளைவு திரும்பினதும் நடையைத் தளர்த்தி என் பக்கத்துல வந்தான். முழங்கையைப் பிடிச்சான். பார்க்கிறவங்களுக்கு ஆதரவாப் பிடிக்கிற மாதிரிதான் இருந்திருக்கும். சிரிச்ச முகம் மாறாம, மெதுவா என் காதுல சொன்னான். "இவங்களுக்கெல்லாம் உன்னை எவ்வளவு தெரியும்? எனக்கு உன்னை எலும்பு வரைக்கும் தெரியும்."

மதகுக்கிட்ட எல்லாரும் நின்னு ஃபிளாஸ்க் டீ குடிக்கிறது வழக்கம். அவன் காரை முன்கூட்டியே அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். பின்கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நின்னான். இவங்க வழியனுப்ப வரிசையா நிக்கிறாங்க அக்கா. பாறை சார் கையில சங்கத்துச் சின்னம் போட்ட ஒரு கப். எனக்குப் பரிசாம். நான் கையை நீட்டி வாங்கிக்கிட்டேன். என் கை அதைப் பிடிச்சிருக்கிறதை வேற யாரோ கையைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன்.

"நான் இவரோட போகமாட்டேன்"ன்னேன்.

காத்து அடிச்சுது. பாறை சார் காதுல நான் பொருத்திவிட்ட மெஷின் காத்துல விசில் அடிக்கும். அவர் காதைத் தடவிக்கிட்டே, "என்னம்மா?"ன்னார்.

"போகமாட்டேன் சார். என் தாடையை உடைச்சது இவன்தான்."

"சத்தமாச் சொல்லும்மா, கேட்கலை."

அக்கா, அதைவிடப் பயங்கரமான நேரம் என் வாழ்க்கையில இல்லை. உன்கிட்டக்கூட ஒரே ஒரு தடவை, அதுவும் எழுதித்தான் காட்டியிருக்கேன். அதை ஏரி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். "இவன் என்னை அடிச்சான்! சுவத்துல வெச்சு அடிச்சான்! தாடையை உடைச்சான்!" தண்ணியில நின்ன பறவையெல்லாம் எழுந்து போச்சு.

அவன் சிரிச்சான். வருத்தமா. "பார்த்தீங்களா? நான் சொன்னேனே, இதைத்தான்."

சிலர் தலையைக் குனிஞ்சாங்க. மருந்துக்கடைக்காரர், "குடும்ப விஷயம், நாம நடுவுல போகலாமா?"ன்னார். ரெண்டு மூணு பேர் மெதுவா நகர ஆரம்பிச்சாங்க. அவன் சொன்னதுதான் நடந்துட்டிருந்துச்சு.

அப்போ கணக்கு டீச்சர் பேசினாங்க. என்னைப் பார்த்து இல்லை, கணவரைப் பார்த்து. "செவ்வாய்க்கிழமை நீங்க வங்கிக்குப் போனப்ப என் கையில இருந்து கண்ணாடி டம்ளர் விழுந்து உடைஞ்சுது. நான் துடைப்பம் எடுக்கப் போனேன். இவர் வழியை மறிச்சுக்கிட்டு, 'பரவாயில்லை, கையாலயே பொறுக்குங்க'ன்னார். ரொம்ப மரியாதையாச் சொன்னார். கடைசித் துண்டைப் பொறுக்குற வரைக்கும் நின்னு பார்த்துட்டிருந்தார். நான் ஏன் பொறுக்கினேன்னு எனக்கே இன்னும் புரியலை." கையைத் திறந்து காட்டினாங்க. விரல்ல பிளாஸ்திரி. "உங்ககிட்ட ஏன் சொல்லலைன்னும் புரியலை."

மாட்டு டாக்டர் போய்த் திறந்திருந்த கார்க் கதவைச் சாத்தி, அது மேலேயே சாய்ஞ்சு நின்னுக்கிட்டாங்க.

அப்போதான் அது வந்துச்சு. "நகரு"ன்னான்.

ஒரே வார்த்தை. கத்தலை. ஆனா அது வீட்டுக் குரல். சாத்தின கதவுக்குப் பின்னாடி மட்டும் வர்ற குரல். அது வந்தா அடுத்து என்ன வரும்னு எனக்குத் தெரியும், உடம்பு தானாவே சுருங்கிடுச்சு. நிமிர்ந்து பார்த்தா, நகர ஆரம்பிச்சவங்க நின்னுட்டாங்க. ஒவ்வொரு முகத்துலயும் அந்தப் பயம். என் பயம். இத்தனை வருஷமா நான் ஒருத்தியே வெச்சிருந்தது, ஒரு நிமிஷம் அத்தனை பேர்கிட்டயும் இருந்துச்சு.

மாட்டு டாக்டர் நகரலை. முகம் வெளுத்துப்போச்சு, ஆனா நகரலை.

பாறை சார் சொன்னார். "உங்க பெட்டி இன்னும் கொஞ்ச நேரத்துல என் வீட்டு வாசல்ல இருக்கும். எடுத்துக்கிட்டுப் போயிடுங்க." அவரும் பயந்துதான் சொன்னார்.

அவன் எல்லாரையும் ஒரு தடவை நிதானமாப் பார்த்தான், முகத்தை மனப்பாடம் பண்ற மாதிரி. காரை எடுத்துட்டுப் போயிட்டான். அப்புறம் நாங்க போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். சேறும் கேன்வாஸ் ஷூவுமா எட்டுப் பத்துப் பேர் உள்ளே நுழைஞ்சதைப் பார்த்து, "என்ன, போராட்டமா?"ன்னு கேட்டாங்க.

புகார் கொடுத்துட்டேன்.

உன் தங்கை


மே 1

சின்னவளே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். பிறகு கிளினிக் ஜன்னல் திரையை இழுத்து மூடினேன். ஏன் என்று சொல்கிறேன்.

அவன் திரும்பி வந்துவிட்டான். தினமும் சாயங்காலம் கிளினிக்குக்கு எதிரில் காரை நிறுத்திக்கொண்டு உட்காருகிறான். இறங்குவதில்லை, பேசுவதில்லை. போலீஸில் சொன்னேன். "ரோட்டுல கார் நிறுத்தறது தப்பா டாக்டர்?" என்றார்கள். வரவேற்புப் பெண் வேலையை விட்டுவிட்டாள். தலைமைச் சங்கத்துக்கு அவன் ஒரு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறானாம். உங்கள் கிளை ஒரு நோயாளிப் பெண்ணைத் தூண்டிவிட்டுக் குடும்பத்தைப் பிரித்துவிட்டது என்று. இங்கே எல்லாரும் அவனுக்காக வருத்தப்படுகிறார்கள். ஆண்டு விழாவில் இந்த வருடமும் அவன்தான் பாடப்போகிறான்.

கடல் தாண்டி ஒரு இடத்தில் உனக்கு வேலை பேசியிருக்கிறேன். காது, மூக்கு, தொண்டை ஆஸ்பத்திரி. என்னோடு படித்தவள் நடத்துகிறாள். அங்கே கிளை எதுவும் கிடையாது, விசாரித்துவிட்டேன். போய்விடு. நீ ஒரு முறை தைரியமாக நின்றாய், போதும். ஒவ்வொரு முறையும் கூட்டம் கூடவே வராது. அவன் காத்திருக்கத் தெரிந்தவன்.

நான் உன்னைவிட மூத்தவள். உன்னைவிட அதிகமாகப் பயப்படுகிறேன். அதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

அக்கா


மே 18

அக்கா,

அந்த வேலைக்கு நான் போகலை. உன் சிநேகிதிக்கு நன்றி சொல்லிடு.

உனக்குப் பொய் எழுத மாட்டேன். இங்கே எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைச்சுக்காதே. தலைமைச் சங்கத்துல இருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துச்சு. அதுக்கப்புறம் சங்கத்துல பாதிப் பேர் வர்றதில்லை. 'நமக்கெதுக்கு வம்பு'ன்னு சிலர். 'ரெண்டு பக்கமும் கேட்கணுமில்லையா'ன்னு சிலர். பாட்டுக்கு ஆள் சேரலை, ரொட்டிக்கடைக்காரர் ஹாலை வேற யாருக்கோ கொடுத்துட்டார். மருந்துக்கடைக்காரர் என்னைக் கண்டா தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போயிடறார். அந்தப் படத்தை அனுப்பினது அவர்தான். கோபம் இல்லை எனக்கு. முகம் இல்லாத படத்துல என்ன ஆபத்துன்னு அவருக்கு எப்படித் தெரியும்?

ஞாயித்துக்கிழமை நடை மட்டும் நடக்குது. அஞ்சாறு பேர். யாரும் முன்னாடி போல அரட்டை அடிக்கிறதில்லை. பின்னாடி ஏதாவது கார் வந்தா எல்லாரும் ஒரே நேரத்துல திரும்பிப் பார்க்கிறோம். கணக்கு டீச்சர் ஜன்னலுக்கெல்லாம் கம்பி போட்டுட்டாங்க. பாறை சார் ராத்திரி மெஷினைக் கழட்டாமலே தூங்குறாராம். கழட்டினா எதுவும் கேட்காதேன்னு பயம். மெஷின் கெட்டுப்போகும் சார்னேன். "கெட்டா நீ இருக்கியே"ன்னார்.

அவங்க வீட்டுக்கெல்லாம் பயத்தைக் கொண்டுவந்தது நான்தான்னு ஒரு நாள் மாட்டு டாக்டர்கிட்ட அழுதேன். அவங்க ஒரு கன்னுக்குட்டிக்கு ஊசி போட்டுக்கிட்டே, "கொண்டுவந்தவன் அவன். நீ அடையாளம் காட்டினே. இந்தக் காலைப் பிடி"ன்னாங்க. பிடிச்சேன்.

பாதுகாப்பு உத்தரவு கேட்டு மனு போட்டிருக்கேன். இந்த மாசம் முப்பதாம் தேதி விசாரணை. அவனும் வருவான். அதே அறையில, நாலு அடி தள்ளி நிப்பான். நல்ல சட்டை போட்டிருப்பான். நான் எல்லாத்தையும் மறுபடி சத்தமாச் சொல்லணும். இந்தத் தடவை அவனோட வக்கீல் ஒவ்வொரு வார்த்தையையும் புரட்டிப் புரட்டிக் கேட்பார். யோசிச்சாலே உள்ளங்கை வேர்க்குது, பேனா வழுக்குது. தோத்துப்போகவும் செய்யலாம். என் வக்கீலம்மா அதை மறைக்காமச் சொல்லிட்டாங்க.

நேத்து மாட்டு டாக்டர் எல்லாருக்கும் வழக்கம் போல மாத நிகழ்ச்சி அறிவிப்பு அனுப்பியிருக்காங்க, வர்றதை நிறுத்தினவங்களுக்கும் சேர்த்து. அப்படியே எழுதறேன்: "இம்மாதம் பாட்டு, வினாடி வினா கிடையாது. முப்பதாம் தேதி காலை நீதிமன்ற வாசலில் கூடுகிறோம். நம் உறுப்பினர் ஒருவருக்குத் துணையாக. உள்ளே பேச அனுமதி இல்லை, உட்கார அனுமதி உண்டு. குடிதண்ணீர் கொண்டுவரவும்."

பாறை சார் சங்கத்து பேனரை எடுத்துக்கலாமான்னு கேட்டார். தயவுசெஞ்சு வேண்டாம் சார்னுட்டேன்.

எத்தனை பேர் வருவாங்கன்னு தெரியலை. பதில் அஞ்சு பேர்கிட்ட இருந்துதான் வந்திருக்கு. எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு அக்கா. உனக்கும் பயம்னு எழுதியிருந்தே. அதைப் படிச்சப்ப முதல் தடவையா நாம ரெண்டு பேரும் ஒரே அறையில இருக்கிற மாதிரி இருந்துச்சு.

கிளினிக்கைப் பூட்டிட்டு வா. வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டுத்தான் வருவே, தெரியும். பார்த்துக்கிட்டே வா. உனக்கு என் பக்கத்துல இடம் பிடிச்சு வைக்கிறேன்.

உன் தங்கை